வியாழக்கிழமைக் கட்டம்

வால்டிவியாவில் ஜூன் மாதம்
மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை.
பெய்யாத நாளைத்தான் சொல்வார்கள்.

காயே-காயே ஆற்றின் மட்டத்தை
ஏழு நாள், காலை ஏழு மணிக்கு,
மீன் சந்தைப் படித்துறையில் நட்ட அளவுகோலில்
பார்த்து எழுதி வரச் சொல்லியிருந்தேன்.
நீரியல், இரண்டாம் ஆண்டு,
நாற்பத்து மூன்று பேர்.

மில்யாராயின் நோட்டு ஊறிப்போய் வந்தது.
திங்களின் மை புதன்வரை இறங்கியிருந்தது.
வியாழக்கிழமைக் கட்டத்தில் எண் இல்லை,
பென்சிலில் எழுதியிருந்தாள்:
'அளவுகோல்மேல் கடற்சிங்கம் சாய்ந்து படுத்திருந்தது.
அரை மணி நேரம் நின்றேன். எழுந்திருக்கவில்லை.'

எவரிஸ்டோவின் அறிக்கையோ
சலவைக்குப் போய் வந்த சட்டை.
ஏழு நாளுக்கும் எண், எல்லாவற்றுக்கும் இரண்டு தசமம்,
வழுக்கிக்கொண்டு போகும் ஒரு வளைகோடு.
அவன் ஆற்றில் கடற்சிங்கமே இல்லை.

இதையெல்லாம் அன்றிரவே பார்த்திருந்தால்
இந்தக் கவிதைக்கு வேலையில்லை.

பார்க்கவில்லை.
மணி ஒன்றரை. விறகடுப்பு அணைந்துகொண்டிருந்தது.
விடிந்தால் துறைத்தலைவருக்கு மதிப்பெண் வேண்டும்.
நாற்பத்து மூன்றையும் இயந்திரத்திடம் கொடுத்து
'கனிவாக எழுது' என்று மட்டும் சொன்னேன்.
கனிவாகத்தான் எழுதியது.
எவரிஸ்டோவுக்கு: 'உன் தரவின் சீர்மை முன்மாதிரியானது.'
ஏழுக்கு ஏழு.
மில்யாராய்க்கு: 'ஒரு நாள் விடுபட்டிருக்கிறது. கவனம் தேவை.'
ஏழுக்கு ஐந்து.
இரண்டின் கீழும் என் பெயர்.

திங்கட்கிழமை அறை வாசலில் நின்றாள்,
சட்டை நுனி சொட்ட.
'ப்ரொஃபெசோரா, வியாழக்கிழமையைப் படித்தீர்களா?'
படித்தேன் என்ற சொல்
வாய்வரை வந்து
அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

உலகத்து நீரியல் நூல்களையெல்லாம்
கரைத்துக் குடித்ததாம் அது.
இந்த ஆற்றில் ஒரு வாய் குடித்ததில்லை.
அதைச் சொல்லி என்ன?
படித்துறைக்குப் போகாதவன் ஒருவன்,
போனவள் எழுதியதைப் படிக்காதவள் ஒருத்தி.
நடுவில் அது,
கேட்டவருக்கெல்லாம் கேட்டதைக் கொடுத்துக்கொண்டு.

வகுப்பில் சொன்னேன். மதிப்பெண்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.
தகரக் கூரையில் மழை மட்டும் பேசியது.
பிறகு கடைசி வரிசையிலிருந்து எவரிஸ்டோ:
சால்மன் ஆலையில் இரவு வேலை, ஆறு மணிவரை.
'நேரமில்லை, ப்ரொஃபெசோரா.'
'எனக்கும்' என்றேன்.
யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

தடை செய்துவிடலாம் என்றார்கள் சிலர்.
காது மந்தமான அன்செல்மோ எழுந்தான்:
'நீங்கள் பேசுவதை அதுதான் எழுத்தாக்கித் தருகிறது.
அது இல்லாவிட்டால் உங்கள் பாடம் எனக்கு
வெறும் உதட்டசைவு.'
தடை அதோடு போயிற்று.

மணி அடித்தும் வாதம் முடியவில்லை.
பலகையில் மிஞ்சியது இவ்வளவுதான்:
எண் என்றால் கண்ணால் பார்த்தது.
அதனிடம் என்ன கேட்டோம், சொன்னதில் எதைத் தள்ளினோம்,
கடைசிப் பக்கத்தில் எழுதவேண்டும்.
அடியில் வேறு கையெழுத்தில், கோணலாக:
'ப்ரொஃபெசோராவும்.'

அடுத்த வியாழன், ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே
நானே படித்துறைக்குப் போனேன்.
அதே கடற்சிங்கம், அதே இடம்.
அரசு அலுவலகத்தில் மதியத் தூக்கம் போல.
குடையைத் தட்டிப் பார்த்தேன்.
ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது.

ஆலையிலிருந்து நேராக வந்திருந்தான் எவரிஸ்டோ,
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்,
கண்கள் சிவந்து, உடம்பெல்லாம் மீன் வாடை.
ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றான்.

மீசை அசைந்தது.
அந்த மூட்டை மெல்லப் புரண்டு எழுந்து
அவன் பூட்ஸை மோப்பம் பிடித்துக்கொண்டு
படியேறத் தொடங்கியது.

பின்வாங்கிக்கொண்டே கத்தினான்:
'ஒன்று எண்பத்து நான்கு!
இல்லை, அலை... எண்பத்து மூன்று!
எழுதுங்கள், எழுதுங்கள்!'

எழுதினேன்.
மூன்றின் வால்
வெள்ளிக்கிழமைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.